"என்னத்துக்கு மன்னிச்சது?": ஒரு தூதரக வரவேற்பில் விடுபட்ட பலகை

எதைப் பற்றிய பதிவு

இலங்கைக்கும் யப்பானுக்கும் இராஜதந்திர உறவு தொடங்கி 70 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி, 2022இன் பிற்பகுதியில் மூன்றாவது நாடொன்றின் தலைநகரில் ஒரு மாலை வரவேற்பு நடந்தது. இரண்டு தூதரகங்களும் சேர்ந்து நடத்தின. சுமார் 150 விருந்தினர்கள், இரண்டு உரைகள், எட்டுக் காட்சிப் பலகைகள், எளிமையான சாப்பாடு. நகரத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் வேண்டுமென்றே எழுதவில்லை.

பலகைகளில் வந்த எழுத்துகளுக்கு நான்தான் பொறுப்பு. தேவைப்பட்ட இடத்தில் மூத்த தமிழ் விருந்தினருக்கு வாய்மொழியாகப் பெயர்த்துச் சொல்வதும் என் வேலை. கீழே வரும் தவறுகளில் பெரும்பங்கு என் மேசையில்தான் நடந்தது. நட்பு விழா என்று ஒன்றை ஒழுங்கு செய்கிற கலாசார அலுவலர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் சங்கங்களுக்கும் பயன்படும் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

பின்னணி

இந்த இரண்டு தீவு நாடுகளின் நட்பைப் பற்றி யார் பேசினாலும் 1951 செப்டெம்பரில்தான் தொடங்குவார்கள். இரண்டாம் உலகப்போரில் தோற்ற யப்பானோடு சமாதான உடன்படிக்கை செய்ய சான் பிரான்சிஸ்கோவில் மாநாடு கூடியது. அதில் இலங்கையின் சார்பில் பேசியவர் அன்றைய நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்தன. யப்பானின் சுதந்திரத்துக்குக் கட்டுப்பாடுகள் வேண்டும் என்று சோவியத் தரப்பு வாதிட்டபோது, யப்பான் முழுச் சுதந்திர நாடாக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். இலங்கை நட்டஈடு கேட்காது என்றும் அறிவித்தார். அதற்குக் காரணமாக அவர் காட்டியது புத்தர் வாக்கு: பகைமை பகைமையால் தீர்வதில்லை, அன்பாலேயே தீரும். உடன்படிக்கை 1952 ஏப்ரல் 28இல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டே இலங்கையும் யப்பானும் இராஜதந்திர உறவு கொண்டன. காமகுராவில் பெரிய புத்தர் சிலை இருக்கும் கோவில் வளாகத்தில் இன்றைக்கும் அந்த வாக்கைத் தாங்கிய ஒரு நினைவுக்கல் நிற்கிறது.

அந்த உரையில் இந்த வாக்குக்கு முன்னால் வேறு சில வரிகள் உண்டு. இந்தப் பதிவே அந்த வரிகளைப் பற்றியதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

2022இல் இலங்கை இருந்த நிலையையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நாடு இடைநிறுத்தியது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். யூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார். யப்பான் இலங்கைக்குக் கடன் கொடுத்த பெரிய நாடுகளில் ஒன்று. அதோடு, யப்பானியக் கடனுதவியில் கொழும்பில் கட்டவிருந்த இலகு ரயில் திட்டத்தை இலங்கை 2020இல் தானாகவே நிறுத்தியிருந்தது. இந்தியாவோடும் யப்பானோடும் சேர்ந்து செய்வதாக ஒப்புக்கொண்ட கொழும்புத் துறைமுகத்தின் கிழக்குக் கொள்கலன் முனையத்தையும் 2021இல் கைவிட்டது. அந்த ஆண்டு நட்பைக் கொண்டாட இலங்கைத் தரப்பில் உட்கார்ந்த எல்லோர் மனதிலும் ஒரு கூச்சமும் ஒரு பயமும் இருந்தன. கடனாளி, கடன் கொடுத்தவரை வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கிற நிலை அது. எங்கள் முடிவுகள் பலவற்றுக்கு அந்தப் பயம்தான் மூலகாரணம் என்று இப்போது நினைக்கிறேன். அந்த நேரத்தில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதல் முடிவுகள்

முதற்கூட்டத்தில் விரைவாக முடிவானவை சில. விழா சிறிதாக இருக்க வேண்டும். வீட்டில் அடுப்பு எரியாத மக்களின் பெயரில் பெரிய விருந்து வேண்டாம் என்று இலங்கைத் தரப்பின் இளைய அலுவலர் ஒருவர் சொன்னார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஹோட்டல் மண்டபத்துக்குப் பதிலாகத் தூதரகத்தின் வரவேற்புக் கூடம். மதுவகை குறைவு. மிஞ்சும் பணம் மருந்து அனுப்பும் கணக்குக்கு. இந்த முடிவு சரியானது, அதனால் ஒரு சிக்கலும் வரவில்லை.

சாப்பாட்டிலும் ஒரு நல்ல காரியம் நடந்தது. மாசிக்கருவாட்டையும் யப்பானியரின் கட்சுவோபுஷியையும் ஒரே மேசையில் வைத்தோம். இரண்டும் சூரை இன மீனை அவித்து, புகையிட்டு, கல்போலக் காயவைத்துச் செய்பவை. நாங்கள் இடித்துச் சம்பலில் போடுகிறோம், அவர்கள் மெல்லிய சீவலாகச் சீவிச் சாற்றில் போடுகிறார்கள். கட்டியாகக் கிடந்த இரண்டையும் கையில் எடுத்து மோந்து பார்த்தவர்கள் அந்த மேசையைவிட்டு நகரவே இல்லை. உரைகளைவிட அந்த மேசைதான் அதிகம் பேரைப் பேச வைத்தது.

சரி, பலகைகளுக்கு வருகிறேன்.

பலகைகள்: என்ன திட்டமிட்டோம், என்ன விட்டோம்

என் முதல் வரைவில் ஒன்பது பலகைகள். முதலாவது, பழைய பௌத்த, வணிகத் தொடர்புகள். இரண்டாவது, 1942. மூன்றாவது, சான் பிரான்சிஸ்கோ. அப்புறம் 1954இல் யப்பான், ஆசிய நாடுகளின் வளர்ச்சிக்கு உதவும் பன்னாட்டு ஏற்பாடான கொழும்புத் திட்டத்தில் சேர்ந்து உதவி தரும் நாடானது, இலங்கையிலிருந்து யப்பானுக்குப் போன கண்தானங்கள், 1982இல் யப்பானிய உதவியோடு தொடங்கிய அரச தொலைக்காட்சி ரூபவாஹினி, ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலை, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு யப்பான் கட்டித் தந்த கட்டடத்தொகுதி, வடக்கில் கண்ணிவெடி அகற்ற யப்பான் கொடுத்த நிதி என்று போகும்.

1942 பலகையில் இருந்தது இவ்வளவுதான். அந்த ஆண்டு ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9இல் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மூழ்கடிக்கப்பட்டது. அதில் 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் மக்கள் உள்ளூர்களை நோக்கி ஓடினார்கள். மலாயா யப்பானியர் கைக்குப் போனதால், நேச நாடுகளுக்கு வேண்டிய இயற்கை இறப்பருக்கு இலங்கைத் தோட்டங்களை நம்ப வேண்டி வந்தது, மரங்கள் பட்டுப்போகும் அளவுக்குப் பால் வெட்டப்பட்டது.

வரவேற்புக்கு மூன்று வாரம் இருக்கையில் நடந்த கூட்டத்தில் இந்தப் பலகை நீக்கப்பட்டது. சொல்லப்பட்ட காரணங்கள் மூன்று. கொண்டாட்டத்தில் குண்டுவீச்சுப் படம் பொருந்தாது. யப்பானியத் தூதரகத்தவர் சங்கடப்படுவார்கள். 70 ஆண்டு என்பது 1952இலிருந்துதானே, அதற்கு முந்தியது எதற்கு. மூன்றாவது காரணம் சொல்லப்பட்டபோது, அப்படியானால் முதலாம் பலகையும் போக வேண்டுமே என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தலையாட்டினேன்.

அந்தக் கூட்டத்தில் யப்பானியத் தரப்பிலிருந்து ஒருவரும் இல்லை. அவர்கள் சங்கடப்படுவார்கள் என்பது எங்கள் ஊகம். அவர்களைக் கேட்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த வெட்டு எந்த விவாதமும் இல்லாமல் விழுந்தது. ஒவ்வொரு பலகையிலும் சிங்களம், தமிழ், யப்பானியம், ஆங்கிலம் என்று நான்கு மொழி. வடிவமைப்பாளர் மொழிக்கு 45 சொல் என்று அளவு வைத்தார். தமிழில் சொற்கள் நீளம், எழுத்தைச் சிறிதாக்காமல் அவ்வளவுக்குள் அடக்குவது கடினம். சான் பிரான்சிஸ்கோ பலகையில் ஜெயவர்தனவின் பேச்சிலிருந்து நான்கு வரி எடுத்து வைத்திருந்தேன். விமானத் தாக்குதலாலும், பெரும் படைகள் நிலைகொண்டதாலும், இறப்பர் மரங்களை அளவுமீறி வெட்டியதாலும் எமக்குச் சேதம் வந்தது, அதற்கு ஈடு கேட்க எமக்கு உரிமை உண்டு, ஆனால் நாம் கேட்கப் போவதில்லை என்ற பகுதி முன்னால். புத்தர் வாக்கு பின்னால். 45 சொல்லுக்குள் அடக்க முன்பகுதியை எடுத்துவிட்டேன். யாரும் சொல்லி எடுக்கவில்லை. இடமில்லை என்று நானே எடுத்தேன்.

இப்படி, ஒரு பலகையைப் பயத்தாலும் ஒரு வரியை இடமின்மையாலும் எடுத்ததில், 1942 விழாவிலிருந்து முற்றாக மறைந்தது. இரண்டும் தனித்தனி முடிவுகள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிற வேலை என்னுடையதாக இருந்தும் நான் பார்க்கவில்லை.

ஒரு சொல்லுக்கு இரண்டு நாள்

இவ்வளவு பெரிய இடைவெளியைக் கவனிக்காத நான், அந்த வாக்கின் ஒரு சொல்லுக்கு இரண்டு நாள் செலவழித்தேன். மாநாட்டில் ஜெயவர்தன ஆங்கிலத்தில் சொன்ன சொல்லுக்குத் தமிழ் அன்பு. அந்த வாக்கு வரும் பௌத்த நூலான தம்மபதத்தின் பாலி மூலத்திலோ அந்த இடத்தில் இருப்பது 'அவேர', அதாவது பகையின்மை. சிங்களப் பகுதியை எழுதிய சகோதரி பாலியை அறிந்தவர். பகையின்மை வேறு, அன்பு வேறு, பகை இல்லாமல் இருப்பதற்கே மனிதர் படாதபாடு படவேண்டும், அதையும் தாண்டி அன்பு என்று கூட்டிச் சொல்லக்கூடாது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் 1951இல் அவையில் ஒலித்த சொல்லைத்தான் நாங்கள் எடுத்துக் காட்டுகிறோம் என்பதால் 'அன்பு' என்றே வைத்தோம். வெறுப்பு என்றா பகைமை என்றா எழுதுவது என்ற கேள்விக்கு, நாடுகளுக்கிடையே பொருந்துவது பகைமைதான் என்று முடிவெடுத்தோம்.

அந்த வேலையை இன்றைக்கும் நான் வீண் என்று நினைக்கவில்லை. சொல்லைச் சரியாக வைத்துவிட்டு, அந்தச் சொல் எதற்குப் பதிலாகச் சொல்லப்பட்டது என்பதை எடுத்துவிட்டோம் என்பதுதான் வருத்தம்.

தமிழ் விருந்தினர் பற்றி

இதையும் மறைக்காமல் எழுத வேண்டும். தமிழருக்கு ஜே.ஆர். ஜெயவர்தன என்ற பெயர் முதலில் சான் பிரான்சிஸ்கோவை நினைவுபடுத்தாது. 1983 யூலையில் அவர் ஜனாதிபதியாக இருந்தார். கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் தமிழர் கொல்லப்பட்டதும் வீடுகளும் கடைகளும் எரிந்ததும் அவருடைய ஆட்சியில். பகைமை அன்பால் தீரும் என்ற வாக்கை அவர் படத்தின் கீழ் தமிழில் அச்சடிப்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை. அழைப்பு அனுப்பிய தமிழ்ச் சங்கத்தவரில் இருவர் இதைக் காரணமாகச் சொல்லியே வர மறுத்தார்கள்.

இரு நாட்டு உறவைப் பற்றிய பலகை என்பதால் 1983ஐ அதில் சேர்க்கவில்லை. அவர் பெயரையும் அன்றைய பதவியையும் மட்டும் போட்டோம், புகழ்மொழி ஒன்றும் சேர்க்கவில்லை. பலகை அளவில் அது சரி என்றே நினைக்கிறேன். அழைத்தவர்களோடு முன்கூட்டிப் பேசாமல் வெறும் அட்டையை அனுப்பியது சரியில்லை. வர மறுத்த இருவரும் என்னிடம் கோபமாகப் பேசவில்லை, முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றுதான் கேட்டார்கள்.

அந்த மாலை

விருந்தினர் ஆறு மணிக்கு வரத் தொடங்கினார்கள். உரைகள் ஏழுக்கு. ஆறரை அளவில் பேரனோடு ஓர் அம்மா வந்தார். வயது 88. சொந்த ஊர் திருகோணமலை. நடக்கத் தடி வேண்டும், ஆனாலும் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். எழுத்து சிறிது, பலகையும் உயரத்தில். பேரனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

சான் பிரான்சிஸ்கோ பலகையை வாசித்துக் காட்டினேன். படத்தைப் பார்த்தார், ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு கேட்டார்:

"என்னத்துக்கு மன்னிச்சதாம், தம்பி? அவங்கள் என்ன செய்தவங்களெண்டு இதில ஒண்டும் இல்லையே."

என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த பலகைக்கு அவரை அழைத்துப் போகலாம் என்று கை நீட்டினேன். அவர் நகரவில்லை. பேரனைப் பார்த்து, "அந்த வருசம் எனக்கு எட்டு வயசு" என்று தொடங்கினார். குண்டு விழுந்த காலையில் வீட்டுக் கூரை ஓடுகள் அதிர்ந்து சரிந்ததையும், தாய் பிள்ளைகளை மாட்டுவண்டியில் ஏற்றித் தம்பலகாமத்துக்குக் கொண்டுபோனதையும், துறைமுகத்தில் வேலை செய்த தகப்பன் இரண்டு நாள் கழித்துக் கரி படிந்த சட்டையோடு நடந்து வந்ததையும் சொன்னார். அழவில்லை, குரலும் உயரவில்லை. வண்டியில் தண்ணீர்ப் பானையை மறந்து வந்ததற்காகத் தாய் திட்டியதைச் சொல்லும்போது சிரித்தார். பேரன் இந்தக் கதையைக் கேட்பது அதுவே முதல் தடவை. "அம்மம்மா, நீங்க இதை ஒருநாளும் சொல்லேல்லையே" என்றான். "ஆர் கேட்டது?" என்றார்.

பக்கத்தில் யப்பானியத் தூதரகத்தின் இளநிலை அதிகாரி ஒருவர் நின்றார். மொழி புரியாவிட்டாலும் 'திருகோணமலை' என்ற ஊர்ப்பெயர் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அம்மா என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். அதே நேரம் நிகழ்ச்சி ஒழுங்கைப் பார்த்தவர் வந்து, உரை தொடங்கப் போகிறது, அம்மாவை மெதுவாக இருக்கைக்கு அழைத்துப் போங்கள் என்று காதில் சொன்னார்.

இருபது நிமிடத்தில் எடுத்த முடிவுகள்

முதல் முடிவு என்னுடையது. பெயர்த்துச் சொல்வதா, இருக்கைக்கு அழைத்துப் போவதா? பெயர்த்துச் சொன்னேன். தைரியத்தால் அல்ல. அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டிருந்தார், அதற்குப் பதில் சொல்லக்கூடிய நாட்டின் ஆள் இரண்டடி தூரத்தில் நின்றார், நடுவில் நின்ற ஒரே மொழிபெயர்ப்பாளன் நான். நான் வாயை மூடினால் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துவிட்டுப் பிரிவார்கள். சொன்னதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். தண்ணீர்ப் பானையையும் விடவில்லை.

அவர் தலைகுனிந்து வணங்கினார். சில நொடி கழித்து என்னைக் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. ஜெயவர்தனவின் பேச்சில் விமானத் தாக்குதலைப் பற்றி வருகிறதே, பலகையில் ஏன் அது இல்லை என்றார். தன் தூதரகத்தில் இந்த விழாவுக்காக எல்லோரும் பேச்சை முழுதாக வாசித்தார்களாம். இலங்கை ஈடு கேட்காதது பெரிய விடயம் என்று அவர்கள் நினைப்பதே, கேட்க உரிமை இருந்தும் கேட்கவில்லை என்பதால்தான் என்றார். அது இல்லாமல் அன்பைப் பற்றிய வரி மட்டும் இருந்ததால், இலங்கை அந்தப் பழைய விடயத்தைப் பேச விரும்பவில்லை போலும் என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

அவர்களுக்குச் சங்கடம் என்று நினைத்து நாங்கள் அதை எடுத்துவிட்டோம். எங்களுக்குச் சங்கடம் என்று அவர்கள் நினைத்துக் கேட்காமல் இருந்தார்கள்.

இரண்டாவது முடிவு இலங்கைத் தரப்பில் பேசவிருந்த மூத்த இராஜதந்திரியுடையது. அவருடைய உரையிலும் புத்தர் வாக்கு மட்டுமே இருந்தது. அம்மாவை முன்வரிசையில் இருத்திவிட்டு, இளைய அலுவலரோடு போய் அவரிடம் விடயத்தைச் சொன்னேன். உரையைத் திருத்தும்படி கேட்கவில்லை. 1951 பேச்சின் அந்தப் பகுதியை முழுதாக வாசிக்கலாமா என்று மட்டும் கேட்டேன். அதில் எங்கள் சொந்தக் கருத்து ஒன்றும் இல்லை, மாநாட்டில் எல்லா நாடுகளுக்கும் முன்னால் சொல்லப்பட்ட, பதிவில் உள்ள வார்த்தைகள். அவர் சற்றே யோசித்தார். மற்றத் தரப்புக்குத் தெரியுமா என்று கேட்டார். இளைய அலுவலர் ஓடிப்போய் யப்பானியத் தரப்பின் மூத்தவரிடம் கேட்டு வந்தார். அவர்களுக்கு மறுப்பில்லை, வரவேற்கிறோம் என்றார்கள். அந்த ஒரு நிமிடக் கேள்வியை மூன்று வாரத்துக்கு முன்னால் கேட்டிருக்கலாம்.

மூன்றாவதாக, அம்மாவை மேடைக்கு அழைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அவர் பேசியது பேரனோடும் தன் பக்கத்தில் நின்ற ஒருவரோடும். மேடையில் ஏற்றினால் அது விழாவுக்கான காட்சிப்பொருளாகிவிடும். அவரைக் கேட்காமல் அவர் கதையை ஒலிவாங்கியில் சொல்வதும் கூடாது. இந்த முடிவில் எனக்கு இன்றைக்கும் தயக்கம் இல்லை.

உரையில் நடந்தது

விமானத் தாக்குதல், படைகள், இறப்பர், ஈடு கேட்கும் உரிமை, கேட்கப் போவதில்லை என்ற முடிவு, அதன் பிறகு புத்தர் வாக்கு. முழுப் பகுதியையும் அவர் நிதானமாக வாசித்தார். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். கூடத்தில் கோப்பைகளின் சத்தம் நின்றது. அம்மாவுக்கு அருகில் குனிந்திருந்து தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். 'உரிமை உண்டு' என்ற இடத்தில் அவர் தலையை மெல்ல ஆட்டினார்.

யப்பானியத் தரப்பில் பேசியவர் எழுதிக் கொண்டுவந்த தாளைத் தொடங்குமுன், இந்தப் பகுதியை வாசித்ததற்கு நன்றி சொன்னார். அதிகம் நீட்டவில்லை. அப்புறம் வழக்கமான உரை. வரவேற்பு எட்டரைக்கு முடிந்தது.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்ல மாட்டேன். வர்த்தகர் ஒருவர், இந்த நேரத்தில் பழையதைக் கிளறி என்ன லாபம், நமக்கு அவர்கள் உதவி தேவைப்படுகிற காலம் இது என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர் கவலை பொய்யல்ல. அவருடைய வேலையாட்களின் குடும்பங்கள் ஊரில் எரிவாயு இல்லாமல் இருந்தன. கடைசி நிமிடத்தில் உரையை மாற்றியது ஏன் என்று அடுத்த நாள் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். இரண்டு தரப்பின் ஒப்புதலும் இருந்தது என்று நேரத்தையும் ஆட்களையும் குறிப்பிட்டு இளைய அலுவலரும் நானும் எழுதிக் கொடுத்தோம். அதோடு அது முடிந்தது. அன்றிரவே எல்லாவற்றையும் அவர் குறித்து வைத்திருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது.

பிறகு

அந்தப் பலகைகளை இரண்டு மாதம் கழித்து நகரத்தின் பொதுநூலகம் ஒன்றில் வைக்கக் கேட்டார்கள். இம்முறை யப்பானியத் தரப்பையும் கூட்டத்துக்கு அழைத்தோம். 1942 பலகை திரும்ப வந்தது. படத்தைத் தேர்வதில் அவர்கள் ஒரு திருத்தம் சொன்னார்கள்: விமானங்களின் படம் வேண்டாம், அது விமானங்களை அழகாகக் காட்டிவிடும், தாக்கப்பட்ட ஊரின் படம் வேண்டும். எங்களுக்குத் தோன்றாத யோசனை. துறைமுகத்தின் பழைய படம் ஒன்றை வைத்தோம். சான் பிரான்சிஸ்கோ பலகையில் நான்கு வரியும் வந்தன. இடத்துக்காக ஆங்கிலப் பகுதியைத் தனித்தாளாக்கி மேசையில் வைத்தோம்.

இலகு ரயில் பற்றியும் ஒரு வரி போடலாமா என்று அந்தக் கூட்டத்தில் பேசப்பட்டது. அது நடப்பு விவகாரம், இரு அரசுகளும் பேசிக்கொண்டிருக்கும் விடயம் என்பதால் வேண்டாம் என்று இரு தரப்பும் முடிவெடுத்தன. நான் அதை ஏற்றுக்கொண்டேன். எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் சொல்ல வேண்டும் என்பது என் வாதமல்ல. நன்றி சொல்கிற இடத்தில் எதற்கு நன்றி என்பதும், மன்னித்தோம் என்கிற இடத்தில் எதை என்பதும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுபடி செய்தால் மாற்றுபவை

மற்றத் தரப்பு புண்படும் என்று யாராவது சொன்னால், அவர்களைக் கேட்டீர்களா என்பதை முதல் கேள்வியாக வைப்பேன். அந்தக் கூட்டத்திலேயே, பதில் வரும்வரை முடிவெடுக்காமல்.

ஒரு மேற்கோளைச் சுருக்கும்போது, வெட்டிய பகுதியை இன்னொருவரிடம் கொடுத்து, இது இல்லாமல் மீதி என்ன சொல்கிறது என்று கேட்பேன். பேச்சைத் தெரிந்தவர்களிடம் கேட்பதில் பயனில்லை, அவர்கள் இல்லாத வரியையும் மனதிலேயே வாசித்துவிடுவார்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன். சொல் அளவு முதலில், உள்ளடக்கம் பிறகு என்ற ஒழுங்கையும் மாற்ற வேண்டும். நான்கு மொழியும் ஒரே பலகையில் வரத்தான் வேண்டுமா என்று முதல் நாளே கேட்டிருந்தால் பாதிச் சிக்கல் வந்திராது.

தமிழ் விருந்தினரோடு, அதிலும் அந்தப் பெயரால் காயப்படக்கூடியவர்களோடு, அட்டை அனுப்புமுன் பேசுவேன். வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். மண்டபத்துக்குள் வந்து திடீரென்று அந்தப் படத்தின் முன் நிற்கும் நிலைக்கு அவர்களை விடக்கூடாது.

பலகைகளை ஒரு முழம் இறக்கி வைப்பேன், எழுத்தைப் பெரிதாக்குவேன், முன்னால் இரண்டு நாற்காலி போடுவேன். அந்த அம்மா தடியை ஊன்றி அவ்வளவு நேரம் நின்றுதான் பேசினார்.

நூலகக் காட்சிக்கு முன் 1942 பலகையின் தமிழ்ப் பகுதியைத் தொலைபேசியில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஊர்ப்பெயர்களைச் சரிபார்க்க வேண்டியிருந்தது, அவருடைய சம்மதமும் வேண்டியிருந்தது. வடிவமைப்பாளர் மறுபடி தட்டச்சு செய்தபோது ஆங்கிலத்தைப் பார்த்து 'சைனா பே' என்று அடித்திருந்தார். நானும் கவனிக்காமல் அதை அப்படியே வாசித்துவிட்டேன். "அதென்ன பே? சீனக்குடா எண்டு போடுங்கோ" என்றார். திருத்தினோம். வேறு மாற்றம் ஒன்றும் அவர் சொல்லவில்லை.